பிரான்ஸ் ஒயினும் அந்தந்த ஊர்ச் சாப்பாடும்: எதற்கு எது, முழு வழிகாட்டி

பிரான்ஸில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் ஒயின் வரிசைக்கு முன்னால் போய் நின்றால் தலை சுற்றும். நூற்றுக்கணக்கான பாட்டில்கள், பெரும்பாலானவற்றில் என்ன திராட்சை என்றுகூட எழுதியிருக்காது, ஏதோ ஓர் ஊர்ப் பெயரும் ஒரு கோட்டைப் படமும்தான். "கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை" என்று யாரோ சொன்னதை நம்பி ஒன்றை எடுத்துவந்து, அது சாப்பாட்டோடு ஒட்டாமல் போய், ஒயினே பிடிக்காது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். அந்த விதி பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது.

அதைவிட உறுதியான வழி, சாப்பாடு எந்த ஊருடையதோ அந்த ஊர் ஒயினை முதலில் தேடுவது. ஒரே மண்ணில் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சாப்பிட்டு, ஒத்துவராததைக் கழித்துவிட்டு மிச்சம் வைத்த ஜோடிகள் அவை. பல இடங்களில் குழம்புக்குள் ஊற்றுவதே அந்த ஒயின்தான். ஊரைத் தெரிந்துகொண்டு, ஏன் ஒத்துப்போகிறது என்ற காரணத்தையும் பிடித்துக்கொண்டால், அப்புறம் எந்தத் தட்டுக்கும் நீங்களே பாட்டில் எடுக்கலாம்.

படி 1: லேபிளில் ஊரைப் படியுங்கள்

சான்செர், ஷாப்லி, பொமெரோல், மதிரான் எல்லாமே இடப்பெயர்கள். லேபிளில் "அப்பெலாசியோன்" என்ற சொல் இருந்தால், இந்த எல்லைக்குள் விளைந்த இன்ன திராட்சையில், இன்ன முறையில் செய்தது என்பதற்குச் சட்டம் பொறுப்பு. இந்த ஏற்பாடு 1935-இல் வந்தது. 1936-இல் அங்கீகாரம் பெற்ற முதல் ஊர்களில் ஆர்புவா, தவேல், கஸ்ஸிஸ், ஷாத்தோநெஃப் த்யூ பாப் எல்லாம் உண்டு. இதற்கு அடுத்த தட்டு ஐ.ஜி.பி., எல்லை அகலம், விதி கொஞ்சம் தளர்வு. அதற்கும் அடுத்தது வெறும் "வேன் த ஃப்ரான்ஸ்", அதாவது பிரான்ஸ் ஒயின் என்று மட்டும். கடைசித் தட்டு என்பதால் மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஊர் விதிக்குள் அடங்க மனமில்லாத நல்ல விவசாயிகள் சிலர் வேண்டுமென்றே அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

"க்ரான் வேன் த போர்தோ", அதாவது போர்தோவின் உயர்ந்த ஒயின் என்று தங்க எழுத்தில் இருப்பதையும், "வியேய் வீஞ்", அதாவது பழைய கொடிகள் என்று போட்டிருப்பதையும் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை வயதுக் கொடி பழையது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அல்சாஸ் மட்டும் விதிவிலக்கு, அங்கே திராட்சையின் பெயரையே லேபிளில் பெரிதாகப் போடுவார்கள்.

படி 2: நாக்குக்குத் தெரிய வேண்டியவை

புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம். இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

புளிப்பான ஒயின் கொழுப்பை அறுக்கும், உப்பைத் தாங்கும். பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிவது என்ன செய்கிறதோ அதைத்தான் இதுவும் செய்கிறது. துவர்ப்பு திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, அதனால் சிவப்பில்தான் அதிகம். வெறுமனே குடித்தால் ஈறு இழுக்கும், ஆனால் வாயில் இறைச்சி இருந்தால் அதன் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும், ஒயின் மெத்தென்று ஆகிவிடும். சிவப்போடு மீன் சில நேரம் ஏன் கெட்டுப்போகிறது என்றால், ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து ஒரு உலோக வாடையைக் கிளப்புகிறது. இனிப்புப் பண்டத்துக்கு எடுக்கும் ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளித்த தண்ணீர்தான். மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டிவிடும், அதனால் காரமான சாப்பாட்டுக்குத் துவர்ப்பில்லாத, லேசாக இனிப்பு ஒட்டிய வெள்ளைதான் பாதுகாப்பு.

கனம் என்பது எளிது. மெல்லிய உணவுக்கு மெல்லிய ஒயின், அடுப்பில் மூன்று மணி நேரம் கிடந்த குழம்புக்கு அதற்கு ஈடுகொடுக்கிற ஒயின்.

படி 3: ஊர் ஊராகப் போவோம்

லுவார். தொடங்குகிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது, விலையும் மிதம், ஜோடிகளும் தெளிவு. நதி கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி மியூஸ்கதே என்ற வெள்ளை ஒயின் விளைகிறது. குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலின் மேலேயே கிடக்க விட்டுப் பாட்டிலில் அடைத்ததைத்தான் "சுர் லீ" என்று லேபிளில் போடுகிறார்கள், அதைத் தேடி எடுங்கள். லேசான உப்புச் சுவையும் சுருக்கென்ற புளிப்பும் இருக்கும், பச்சைச் சிப்பிக்கு இதைவிட வேறு வேண்டாம். அதே நாந்த் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை வெள்ளை ஒயினிலும் வினிகரிலும் சுண்டவைத்து வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்க்கிற "பேர் ப்லான்" சாஸ் பிரபலம். ஆற்று மீனுக்கு அதை ஊற்றிச் சாப்பிடும்போதும் மியூஸ்கதேதான். நதியில் மேலே ஏறினால் தூர் நகரத்து ரியேத், அதாவது கொழுப்பிலேயே வேகவைத்து உதிர்த்த பன்றி இறைச்சி, அதற்கு இனிப்பில்லாத வூவ்ரே. சிவப்பு வேண்டுமென்றால் ஷினோன். இன்னும் மேலே சான்செர், அதன் கதை சீஸ் பகுதியில் வருகிறது.

போர்தோ. எல்லோரும் முதலில் கேள்விப்படுகிற பெயர், அதனாலேயே தேவைக்கு மேல் காசு போகிற இடமும்கூட. ஜிரோந்த் முகத்துவாரத்துக்கு இடது கரையில், மெதோக்கின் சரளைமண்ணில் கபெர்னே சோவிஞோன் திராட்சை, துவர்ப்பு அதிகம், நாள்பட நாள்பட இளகும். வலது கரையில், சேந்த்-எமிலியோனிலும் பொமெரோலிலும் மெர்லோ திராட்சை, இளமையிலேயே மென்மை. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்த பட்டியல் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, பெரிய மாற்றம் என்றால் 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தை முதல் வகுப்புக்கு உயர்த்தியதுதான். அந்தப் பட்டியல் உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு எந்த வகையிலும் உதவாது. ஃப்ரோன்சாக், கோத் த பூர், சாதாரண ஓ-மெதோக் போன்றவற்றில் நல்ல பாட்டில் நியாய விலைக்குக் கிடைக்கும்.

இங்கே சாப்பிட வேண்டியது ஆந்த்ரகோத், விலாப் பகுதி மாட்டிறைச்சி. குளிர்காலத்தில் கொடிகளை வெட்டிக் காயவைத்த குச்சிகளை எரித்து, தழல் சிவந்து ஜ்வாலை அடங்கியதும் மேலே கம்பிவலை வைத்துச் சுடுவார்கள். கொடிக்குச்சி சட்டென்று பற்றி அதிகச் சூடு கொடுக்கும், வெளிப்பக்கம் கருகி உள்ளே சிவப்பாகவே நிற்கும். இறக்கியவுடன் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை மேலே தூவிவிடுவார்கள். இதோடு இளம் மெதோக்கை ஒருமுறை குடித்தால் துவர்ப்பும் இறைச்சியும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதற்கு விளக்கமே தேவைப்படாது. பொயாக் ஊர் ஆட்டுக்குட்டிக் கறியும் அதே வரிசைதான். ஆர்க்காஷோன் விரிகுடாவின் சிப்பிகளை உள்ளூர்க்காரர்கள் சூடான சின்ன சாசேஜ்களோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள், கூடவே ஆந்த்ர-தே-மேர் வெள்ளை. கேட்க விநோதமாக இருக்கும், சாப்பிட்டால் புரியும்.

பர்கண்டி. சிவப்புக்குப் பினோ நுவார் திராட்சை, வெள்ளைக்கு ஷார்தொனே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். வித்தியாசம் முழுக்க மண்ணில். தீஜோனிலிருந்து போன் நகரத்துக்குத் தெற்கு வரை உள்ள சரிவில் 1,247 துண்டு நிலங்கள் தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன, 2015-இல் யுனெஸ்கோ அவற்றைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. க்லோ த வூஜோ என்ற ஒரே மதில் சூழ்ந்த தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், ஆனால் உரிமையாளர்கள் ஏறக்குறைய 80 பேர். ஆகவே இங்கே இடத்தின் பெயர் மட்டும் போதாது, தயாரிப்பவரின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைக்கும் பெஃப் பூர்கினியோனுக்கு விலை கூடிய பாட்டிலைச் சட்டியில் ஊற்றுவது வீண். சட்டிக்குச் சாதாரணச் சிவப்பு போதும், மேசைக்கு மெர்க்யூரே அல்லது ஜிவ்ரி எடுங்கள். பூண்டும் பார்ஸ்லியும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட நத்தைக்கு அலிகோத்தே என்ற எளிய வெள்ளை. ஷாப்லி தனியாக வடக்கே இருக்கிறது, அதன் சுண்ணாம்பு மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தைய குட்டிச் சிப்பிகளின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. சிப்பியோடு ஷாப்லி பொருந்துவதற்குக் காரணம் அந்த ஓடுகள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், குளிர்ப் பிரதேசத்துப் புளிப்புதான் காரணம், ஆனால் பொருத்தம் என்னவோ உண்மை.

பர்கண்டிக்குத் தெற்கே போஜோலே, திராட்சை கமே. 1395-இல் பர்கண்டிப் பிரபு இரண்டாம் ஃபிலிப் கமேயைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார், அது தெற்கே நிலைத்துவிட்டது. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வரும் புது ஒயினை மட்டும் குடித்துவிட்டு போஜோலே இவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். மோர்கோன், ஃப்ளரி, மூலேன்-ஆ-வான் என்று பத்து இடங்கள் தங்கள் பெயரிலேயே விற்கின்றன, அவை வேறு தரம். லியோன் நகரத்து "பூஷோன்" சாப்பாட்டுக் கடைகளில் சாசேஜுக்கும் பன்றி இறைச்சி வகைகளுக்கும் இதைத்தான் அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் கொண்டுவந்து வைப்பார்கள். கொஞ்சம் குளிரவைத்துக் குடியுங்கள்.

அல்சாஸ். வோஸ்ஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் கொல்மார் பிரான்ஸின் வறண்ட நகரங்களில் ஒன்று, திராட்சை நிதானமாகப் பழுக்கும். புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் சாசேஜும் குவித்த ஷுக்ருத்துக்கு இனிப்பில்லாத ரீஸ்லிங். மெல்லிய மாவில் கிரீம், வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டுகள் பரப்பிச் சுட்ட தார்த் ஃப்லாம்பேவுக்கு சில்வானெர். வசந்த காலத்து வெள்ளை அஸ்பாரகஸ் பொதுவாக எந்த ஒயினையும் கெடுத்துவிடும், அதற்கு மியூஸ்கா த அல்சாஸ் ஒன்றுதான் பதில். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் கெவுர்ட்ஸ்த்ரமினெர் காரச் சாப்பாட்டுக்குத் தோதானது. பாரிஸில் வீட்டில் மிளகாய்த்தூள் போட்டுக் கோழிக்கறி வைக்கிற தமிழர்கள் சிவப்பை விட்டு ஒருமுறை இதற்கு வந்து பார்க்கலாம்.

ஜூரா. எனக்கு மிகப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சுவிஸ் எல்லைக்கு அருகே உள்ள சின்ன மலைப் பகுதி, லூயி பாஸ்தேர் வளர்ந்த ஆர்புவா இங்கேதான் இருக்கிறது. இங்கே சவாஞேன் திராட்சையில் செய்யும் வேன் ஜோன், மஞ்சள் ஒயின், உலகில் வேறெங்கும் இல்லாத சங்கதி. பீப்பாயில் ஒயின் மெல்ல ஆவியாகிக் குறையும், வேறு ஊரில் உடனே மேலே ஊற்றி நிரப்பிவிடுவார்கள், இங்கே நிரப்பமாட்டார்கள். காலி இடத்தில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து அதைக் காக்கிறது. இப்படியே 6 ஆண்டு 3 மாதம். ஒரு லிட்டர் அதற்குள் 62 சென்டிலிட்டராகச் சுருங்கிவிடும் என்பது கணக்கு, ஆகவே பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான், குட்டையாகத் தோள் அகன்று நிற்கும், பெயர் க்லாவ்லேன்.

மூக்கருகே கொண்டுபோனால் அக்ரூட் பருப்பு, காய்ந்த பழம், அதற்குப் பின்னால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணம் வரும். வெந்தயம். கற்பனை இல்லை, சோத்தொலோன் என்ற மணப்பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. பழகாதவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள், வெந்தயம் தாளித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தடை குறைவு. இதோடு 18 மாதத்துக்கு மேல் முதிர்ந்த கோம்தே சீஸைத் துண்டு துண்டாக நறுக்கி வையுங்கள், வேறு எதுவும் வேண்டாம். விருந்து என்றால் மோரிய் காளானும் கிரீமும் சேர்த்து இந்த ஒயினிலேயே வேகும் கோழி. விலை அதிகம் என்று தோன்றினால் அதே முறையில் குறைந்த காலம் வைத்த சவாஞேன் கேளுங்கள்.

தென்மேற்கு. வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து அதே கொழுப்புக்குள் புதைத்து வைப்பதுதான் கோன்ஃபி. சாப்பிடும் அன்று தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வாணலியில் வாட்டுவார்கள். இவ்வளவு கொழுப்புக்கு மென்மையான ஒயின் தாக்குப்பிடிக்காது. பக்கத்திலேயே மதிரான் இருக்கிறது, தானா திராட்சை, கடும் துவர்ப்பு; பாட்டிலை இரண்டு மணி நேரம் முன்னாலேயே திறந்து ஒரு ஜாடியில் ஊற்றி வையுங்கள். மால்பெக்கில் செய்யும் கஹோரும் இதற்கு ஆகும். வெள்ளை பீன்ஸ், வாத்து, சாசேஜ் எல்லாம் மண்சட்டியில் வேகும் கஸ்தெல்நோதரியின் கசூலேவுக்கும் மதிரான் பிடிக்கும், ஆனால் அந்த ஊருக்கு இன்னும் நெருக்கம் மினர்வுவாவும் கோர்பியேரும்தான், புளிப்பும் மூலிகை மணமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கும்.

தெற்குக் கடற்கரை. மார்செய்யின் பூய்யாபேஸ் மீன் குழம்பில் குங்குமப்பூவும் பூண்டும் ஓங்கி நிற்கும், அதற்குப் பக்கத்து ஊர் கஸ்ஸிஸின் வெள்ளை அல்லது பந்தோல் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். ரத்தத்தூயி காய்கறிக் கூட்டும் பூண்டு அய்யோலி சாஸும் ரோஸேயை விரும்பும். சிவப்பு பந்தோல் மூர்வேத்ர் திராட்சையில் 18 மாதம் மரத்தில் இருந்து வருவது, நீண்ட நேரம் வெந்த மாட்டிறைச்சி தோபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோன் பள்ளத்தாக்கில் ஷாத்தோநெஃப் த்யூ பாப், தைம் இலையோடு சுட்ட ஆட்டுக்கறிக்கு. தோ உப்பேரியின் பூசீக் சிப்பிகளுக்கு, எட்டிப்பார்த்தால் தெரிகிற பீக்பூல் த பினே. ஸ்பெயின் எல்லையில் பான்யூல்ஸ் என்ற இனிப்புச் சிவப்பு, சாக்லெட் இனிப்புகளுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மீதிக்கு வேகமாக இரண்டு வார்த்தை. சவுவாவில் உருக்கிய சீஸ் ஃபோந்தியூவுக்கும் ராக்லெத்துக்கும் ஆப்ரமோன், மெல்லிய புளிப்பு வெள்ளை. ஷாம்பெய்னைக் கேக்கோடு கடைசியில் திறக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், இனிப்பில்லாத ப்ரூத் ஷாம்பெய்ன் இனிப்புக்கு முன்னால் அடிபட்டுப்போகும்; பொரித்ததோடும் சீஸ் கலந்த கூஜேரோடும் ஆரம்பத்திலேயே திறங்கள்.

படி 4: சீஸ் என்றால் வெள்ளையை யோசியுங்கள்

சீஸ் தட்டுக்குச் சிவப்பு என்பது பிரான்ஸிலேயே வேரூன்றிய பழக்கம், பெரும்பாலும் தவறான பழக்கம். மென்மையான, கிரீம் போன்ற சீஸோடு துவர்ப்புச் சிவப்பு கசந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஆட்டுப்பால் சீஸோடு மெதோக்கையும் சான்செர் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷாவிஞோல் கிராமம் சான்செர் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, அங்கே செய்யும் க்ரொத்தேன் ஆட்டுச் சீஸ் சின்ன உருண்டை, முதிர முதிர இறுகும். இரண்டிலும் புளிப்பு ஒரே அளவில் இருப்பதால் ஒன்று மற்றதை அமுக்குவதில்லை. மான்ஸ்தெர் சீஸுக்குச் சீரகம் தூவி கெவுர்ட்ஸ்த்ரமினெர். நீலம் பாய்ந்த ரோக்ஃபோருக்கு சோத்தெர்ன்: இலையுதிர்காலப் பனிமூட்டத்தில் ஒருவகைப் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்த தேன் போன்ற ஒயின். கடும் உப்பும் கடும் இனிப்பும் மோதும்போது இரண்டுமே இறங்கிவந்துவிடும். சோத்தெர்ன் விலை கட்டாதவர்களுக்கு மோன்பாசியாக் இருக்கிறது.

படி 5: கடையில்

தனிக் கடை வைத்திருக்கும் ஒயின் வியாபாரியான கவிஸ்திடம் போனால் "நல்ல ஒயின் கொடுங்கள்" என்று கேட்காமல், என்ன சமைக்கிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். தொகையைச் சொல்லக் கூச்சமே வேண்டாம், அங்கே அது சாதாரணம். செப்டம்பரில் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தை நடக்கும், கொஞ்சம் பெயர் தெரிந்தவர்களுக்கு நல்ல நேரம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பின்வாங்க வேண்டாம். ப்யூய் பச்சைப் பருப்புக்கு ஓவெர்ஞ் பகுதி கமே, உருளைக்கிழங்கு க்ராத்தேன் தோஃபினுவாவுக்கு சேன்-ஜோசெஃப் வெள்ளை, காளானுக்கு எப்போதும் பினோ நுவார். சைவத்திலேயே உறுதியாக இருப்பவர்கள் லேபிளில் "வேகன்" குறியையும் பார்க்கவும், சில தயாரிப்பாளர்கள் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு அல்லது மீனிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்துகிறார்கள்.

படி 6: சூடு, அளவு, வரிசை

சிவப்பை அறைச் சூட்டில் குடி என்ற பேச்சு ஹீட்டர் இல்லாத பழைய கல்வீடுகளின் காலத்தது. போர்தோவுக்கு 16 முதல் 18 டிகிரி, பர்கண்டிச் சிவப்புக்கு 14 முதல் 16, போஜோலேவுக்கு 12 அல்லது 13. கோடையில் எந்தச் சிவப்பையும் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மெல்லிய வெள்ளை 8 முதல் 10, நல்ல பர்கண்டி வெள்ளை 12, வேன் ஜோன் 14. இதை ஐஸ் போலக் குளிரவைத்தால் மணம் முழுக்கச் செத்துவிடும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 75 சென்டிலிட்டர் பாட்டிலில் ஆறு பேருக்குத் தாராளமாக வரும். பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம் என்கிறது, ஆகவே நான்கு வகை ஊற்றும் நாளில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான் இருக்க வேண்டும், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். மெல்லியதிலிருந்து கனத்துக்கு, இளசிலிருந்து முதிர்ந்ததற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு என்று வரிசை.

படி 7: ஒரே நதிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

முதல் முயற்சிக்கு முழுக்க லுவாரிலேயே நில்லுங்கள். ரொட்டியில் ரியேத் தடவி ஊறுகாய்க் கெர்கின் வைத்து வூவ்ரே செக், அதாவது இனிப்பில்லாத வூவ்ரே. அடுத்து மீனும் பேர் ப்லான் சாஸும் மியூஸ்கதேயும்; சாஸ் திரிந்துவிடாமல் இருக்கச் சட்டியைத் தணலிலிருந்து தூக்கித் தூக்கி வைத்து அடியுங்கள், வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். பின்னால் இளசு ஒன்று, முதிர்ந்தது ஒன்று என இரண்டு க்ரொத்தேன், சான்செர். கடைசியில் சொலோஞ் பகுதியின் தார்த் தாத்தேன், கேரமல் ஏறிய ஆப்பிள்மேல் மாவை மூடிச் சுட்டுக் கவிழ்ப்பது, அதற்கு கோத்தோ த்யு லேயோன் என்ற இனிப்பு வெள்ளை. சர்க்கரையைக் கருகவிடாமல் செம்பொன் நிறத்தில் நிறுத்தினால்தான் ஒயினின் தேன் சுவை மேலே தெரியும்.

மிஞ்சிய பாட்டில்களைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மியூஸ்கதே இரண்டு நாள் தாங்கும், இனிப்பு ஒயின் ஒரு வாரம், வேன் ஜோன் பல வாரம் அசையாது. தாண்டிப்போன சிவப்பை வீணாக்காமல் சர்க்கரை, பட்டை, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்கவைத்து, தோல் சீவிய பேரிக்காயை முழுதாக அதில் மூழ்கவிட்டு அரை மணி நேரம் சிறு தீயில் வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.